உச்ச நீதிமன்றத்தில் ஒரு கேள்விக்கு எத்தனை நீதிபதிகள்?

உச்ச நீதிமன்றம் வழக்குகளை எப்படி விசாரித்து அரசமைப்புக்குப் பொருள் சொல்கிறது என்ற கேள்வியில் இரண்டு பகுதிகள் உள்ளன. இந்திய உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கை எப்படி எடுத்துக்கொண்டு விசாரிக்கிறது என்பது ஒன்று. அந்தரங்க உரிமை என்ற சொல்லே இடம்பெறாத அரசமைப்புச் சட்டத்துக்குள் அப்படியோர் உரிமை இருப்பதாக நீதிபதிகள் எந்த அடிப்படையில் சொன்னார்கள், அதற்கு அவர்களுக்கு அதிகாரம் உண்டா என்பது மற்றொன்று. இவ்விரண்டையும் பிரித்துப் பார்க்க இயலாது என்பது என் கருத்து. ஒரு வழக்கு எந்த வழியாக அந்த நீதிமன்றத்துக்கு வந்தது, எத்தனை நீதிபதிகள் அமர்ந்த அமர்வின் முன் வந்தது என்பதைப் பொறுத்துத்தான் அரசமைப்புக்குப் பொருள் சொல்ல அந்த அமர்வுக்கு எவ்வளவு இடம் இருக்கிறது என்பதே முடிவாகிறது.

முதலில் வழக்குகள் வரும் வழிகளைப் பார்ப்போம். மத்திய அரசுக்கும் மாநிலத்துக்கும் இடையிலோ மாநிலங்களுக்கு இடையிலோ சட்ட உரிமை பற்றிய தகராறு எழுந்தால், அரசமைப்பின் பிரிவு 131-இன்படி அது உச்ச நீதிமன்றத்தில்தான் தொடங்கும். அரசமைப்பின் பொருள் பற்றிய முக்கியமான சட்டக் கேள்வி ஒரு வழக்கில் இருப்பதாக உயர் நீதிமன்றம் சான்றளித்தால், பிரிவு 132-இன்படி மேல்முறையீடு செய்யலாம். அடிப்படை உரிமையை இழந்தவர் பிரிவு 32-இன்படி நேரடியாகவே ரிட் மனுவுடன் (அரசுக்கு நீதிமன்றம் ஆணையிடக் கோரும் மனு) உச்ச நீதிமன்றத்தின் கதவைத் தட்டலாம். 1948 டிசம்பரில் அரசமைப்பு நிர்ணய சபையில் பேசிய அம்பேத்கர், அரசமைப்பின் ஆன்மாவும் இதயமும் என்று குறிப்பிட்டது இந்தப் பிரிவைத்தான். அவர் அப்படிச் சொன்னது வெறும் அலங்காரப் பேச்சு இல்லை என்பது 1950-லேயே தெரிந்துவிட்டது. 'கிராஸ் ரோட்ஸ்' என்ற வார இதழ் சென்னை மாகாணத்துக்குள் வருவதை மாகாண அரசு தடைசெய்தபோது, இதழை நடத்திய ரமேஷ் தாப்பர் நேரே உச்ச நீதிமன்றம் சென்றார். அவர் முதலில் உயர் நீதிமன்றத்துக்குப் போயிருக்க வேண்டும் என்று அரசுத் தரப்பு ஆட்சேபித்தது. உச்ச நீதிமன்றத்தை அணுகுவதே அரசமைப்பு உறுதியளித்துள்ள உரிமை என்று கூறி நீதிபதிகள் அந்த ஆட்சேபத்தை நிராகரித்தனர். பிற்காலத்தில் பிரிவு 32 மனுக்களைக் கொண்டுவந்தோரை உயர் நீதிமன்றத்துக்குப் போகச் சொல்லித் திருப்பி அனுப்பும் வழக்கம் வளர்ந்திருக்கிறது. வழக்குகளின் சுமை அதற்குக் காரணமாக இருக்கலாம். ஆனாலும் 1950-இல் வகுக்கப்பட்ட நிலையே அரசமைப்பின் வாசகத்துக்கு நெருக்கமானது என்று நான் கருதுகிறேன்.

இத்தனை வழிகள் இருந்தாலும், அன்றாடம் நீதிமன்றத்தின் நேரத்தைப் பெரிதும் எடுத்துக்கொள்பவை பிரிவு 136-இன் கீழ் வரும் சிறப்பு அனுமதி மனுக்களே. இராணுவ நீதிமன்றங்களும் இராணுவத் தீர்ப்பாயங்களும் தவிர, நாட்டின் எந்த நீதிமன்றமோ தீர்ப்பாயமோ பிறப்பித்த ஆணையையும் எதிர்த்து மேல்முறையீடு செய்ய அனுமதி கேட்கும் மனு அது. இங்கே இரண்டு படிகள் உள்ளன. மேல்முறையீட்டை ஏற்கலாமா வேண்டாமா என்பது முதல் படி. ஏற்றுக்கொண்ட பிறகு அதை விசாரித்துத் தீர்ப்பளிப்பது இரண்டாம் படி. பெரும்பாலான மனுக்கள் இரண்டு நீதிபதிகள் முன் சில நிமிடங்களே நடக்கும் முதல் படியிலேயே முடிந்துவிடுகின்றன. செய்தித்தாள் படிப்பவர்கள் மட்டுமின்றி வழக்கில் சம்பந்தப்பட்டவர்களும் பெரிதும் தவறாகப் புரிந்துகொள்வது இந்த இடத்தைத்தான். காரணம் எதுவும் சொல்லாமல் ஒரே வரியில் சிறப்பு அனுமதி மனு தள்ளுபடி செய்யப்பட்டால், உயர் நீதிமன்றத்தின் தீர்ப்பு சரியானது என்று உச்ச நீதிமன்றம் முத்திரை குத்திவிட்டதாக எண்ணிவிடுகிறார்கள். 2000-ஆம் ஆண்டு குஞ்ஞயம்மது வழக்கில் மூன்று நீதிபதிகள் இதைத் தெளிவாக்கினர். அத்தகைய தள்ளுபடி, இந்த வழக்கில் தலையிட விரும்பவில்லை என்பதை மட்டுமே சொல்கிறது. அதில் சட்டம் எதுவும் அறிவிக்கப்படவில்லை. கீழ்த் தீர்ப்பு உச்ச நீதிமன்றத்தின் தீர்ப்பாக மாறிவிடுவதும் இல்லை. எனவே "உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது" என்று யாராவது சொன்னால், அது தீர்ப்பா, அனுமதி மறுப்பா என்று முதலில் கேட்டறிய வேண்டும்.

அடுத்தது எண்ணிக்கை. அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில் ஒன்பது நீதிபதிகளும் ஒன்றாக அமர்ந்து வழக்குகளை முடிவுசெய்கிறார்கள். இந்தியாவில் அப்படியில்லை. 1950-இல் தலைமை நீதிபதியையும் சேர்த்து எட்டாக இருந்த நீதிபதிப் பதவிகளின் எண்ணிக்கை 2019-இல் 34 ஆக உயர்த்தப்பட்டது. இவர்கள் பெரும்பாலும் இருவர் அல்லது மூவர் கொண்ட அமர்வுகளாகப் பிரிந்து அமர்கிறார்கள். யார் எந்த அமர்வில் இருப்பார்கள், எந்த வழக்கு எந்த அமர்வுக்குப் போகும் என்பதைத் தீர்மானிப்பவர் தலைமை நீதிபதி. அரசமைப்பின் பொருள் பற்றிய முக்கியமான சட்டக் கேள்வி எழும் வழக்கை முடிவுசெய்யக் குறைந்தது ஐந்து நீதிபதிகள் அமர வேண்டும் என்று பிரிவு 145(3) கூறுகிறது. அரசமைப்பு அமர்வு என்று சொல்லப்படுவது இதுதான். உச்ச நீதிமன்றம் அறிவிக்கும் சட்டம் நாட்டின் எல்லா நீதிமன்றங்களையும் கட்டுப்படுத்தும் என்பது பிரிவு 141. ஒரே சமயத்தில் பல அமர்வுகள் ஒரே நீதிமன்றத்தின் பெயரால் பேசும்போது, அவை ஒன்றுக்கொன்று முரணாகப் பேசினால் கீழ் நீதிமன்றங்கள் எதைப் பின்பற்றும்?

இதற்கு நீதிமன்றம் கண்ட விடை, சிறிய அமர்வு பெரிய அமர்வுக்குக் கட்டுப்பட்டது என்பது. பெரிய அமர்வின் கருத்து தவறென்று சிறிய அமர்வு நினைத்தால், அதை மீறித் தீர்ப்பு எழுதக் கூடாது. தன் ஐயத்தைப் பதிவுசெய்து, பெரிய அமர்வை அமைக்கும்படி தலைமை நீதிபதிக்கு அனுப்பலாம். இதில் பலருக்கு வியப்பளிக்கும் ஒரு நுட்பம் உண்டு. ஏழு பேர் கொண்ட அமர்வு நான்குக்கு மூன்று என்று பிரிந்து அளித்த தீர்ப்பு, ஐந்து பேர் ஒருமனதாக அளித்த தீர்ப்பைவிட மேலானது. எத்தனை பேர் ஒப்புக்கொண்டார்கள் என்பதற்கு இங்கே கணக்கில்லை, எத்தனை பேர் அமர்ந்தார்கள் என்பதே கணக்கு. 2022-இல் திரிமூர்த்தி ஃப்ராக்ரன்சஸ் வழக்கில் ஐந்து நீதிபதிகள் இதை உறுதிசெய்தனர். நான்கு பேரின் கருத்து ஐந்து பேரின் கருத்தை வெல்வது முறையா என்று கேட்கலாம். ஆனால் பெரிய அமர்வின் விவாதத்தில் மாற்றுக் கருத்துகளும் எடைபோடப்பட்ட பின்னரே முடிவு பிறக்கிறது. அந்த முடிவை, அந்த விவாதத்தில் இல்லாத சிலர் பின்னர் எளிதில் கலைத்துவிட முடியாதிருப்பதே சட்டத்தின் நிலைத்தன்மைக்கு நல்லது.

இப்போது அந்தரங்க உரிமை வழக்குக்கு வரலாம். கர்நாடக உயர் நீதிமன்றத்தின் ஓய்வுபெற்ற நீதிபதி கே.எஸ். புட்டசாமி 2012-இல் ஆதார் திட்டத்தை எதிர்த்து வழக்குத் தொடுத்தார். 2015-இல் அது மூன்று நீதிபதிகள் முன் வந்தபோது, அந்தரங்கம் அடிப்படை உரிமையே இல்லை என்று மத்திய அரசு வாதிட்டது. அந்த வாதத்துக்கு வலுவான ஆதாரமும் இருந்தது. 1954-இல் எம்.பி. சர்மா வழக்கில், அன்றைய உச்ச நீதிமன்றத்தின் முழுப் பலமான எட்டு நீதிபதிகளும் அமர்ந்து, சோதனையிடுவது பற்றிய சட்டத்துக்குள் அந்தரங்க உரிமையைக் கொண்டுவர மறுத்திருந்தனர். 1962-இல் கரக் சிங் வழக்கில் ஆறு நீதிபதிகள் அமர்ந்த அமர்வின் பெரும்பான்மையும் அதே போக்கில் எழுதியிருந்தது. இடைப்பட்ட ஆண்டுகளில் இரண்டு மூன்று நீதிபதிகள் கொண்ட பல அமர்வுகள் அந்தரங்க உரிமை உண்டு என்று சொல்லிவந்தாலும், எட்டுப் பேரின் தீர்ப்புக்கு முன் அவை நிற்குமா என்ற ஐயம் நியாயமானதே. மூவர் அமர்வு கேள்வியைப் பெரிய அமர்வுக்கு அனுப்பியது. 2017 ஜூலையில் ஐந்து பேர் அமர்ந்து, எட்டைத் தாண்ட ஒன்பது தேவை என்று முடிவுசெய்தனர். 2017 ஆகஸ்ட் 24 அன்று ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாக அந்தரங்கம் அடிப்படை உரிமையே என்று தீர்ப்பளித்தனர்.

அந்த ஒன்பது பேரும் ஆதார் செல்லுமா செல்லாதா என்பதைத் தொடவே இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். சட்டக் கேள்வி மட்டும் மேலே போய் விடையுடன் திரும்பியது. அந்த விடையைக் கையில் வைத்துக்கொண்டு வேறோர் ஐந்து பேர் அமர்வு ஆதார் சட்டத்தை ஆராய்ந்து, 2018 செப்டம்பரில் நான்குக்கு ஒன்று என்ற பெரும்பான்மையில் சில பகுதிகளை நீக்கி மற்றவற்றை ஏற்றது. உரிமை உண்டு என்று சொல்வதும், இந்தச் சட்டம் அந்த உரிமையை மீறுகிறது என்று சொல்வதும் வெவ்வேறு முடிவுகள். சட்டத்தின் ஆதரவு, நியாயமான நோக்கம், அந்த நோக்கத்துக்குத் தேவையான அளவைத் தாண்டாமை ஆகிய மூன்றும் இருந்தால் உரிமையைக் கட்டுப்படுத்தலாம் என்பதையும் அந்த ஒன்பது பேர் தீர்ப்பிலேயே காணலாம்.

இனி, இல்லாத சொல்லை எப்படிப் படித்தார்கள் என்ற கேள்வி. இதற்கு 1950-க்குப் போக வேண்டும். கம்யூனிஸ்ட் தலைவர் ஏ.கே. கோபாலன் சென்னை மாகாணச் சிறையில் தடுப்புக் காவலில் இருந்தபடி உச்ச நீதிமன்றத்தை அணுகினார். சட்டத்தால் நிறுவப்பட்ட நடைமுறையின்படி அன்றி எவருடைய உயிரையோ உடல் சார்ந்த சுதந்திரத்தையோ பறிக்கக் கூடாது என்கிறது பிரிவு 21. அந்த நடைமுறை நியாயமானதாக இருக்க வேண்டாமா என்பதே கோபாலன் தரப்பின் கேள்வி. நாடாளுமன்றம் முறைப்படி இயற்றியிருந்தால் போதும் என்று பெரும்பான்மை நீதிபதிகள் விடையளித்தனர். அவர்களைக் குறைசொல்வதற்கு முன் ஒன்றை நினைவில் கொள்ள வேண்டும். சட்டத்தின் நியாயத்தையும் ஆராய நீதிமன்றத்துக்கு இடம் தரும், அமெரிக்க அரசமைப்பிலுள்ள "உரிய சட்ட நெறிமுறை" என்ற தொடரை நம் அரசமைப்பு நிர்ணய சபை தெரிந்தேதான் விலக்கியிருந்தது. வரைவாளர்களின் நோக்கத்தை வைத்துப் படித்தால் பெரும்பான்மையின் விடைக்கு அடிப்படை உண்டு. ஆனால் அந்த அமர்வில் நீதிபதி ஃபசல் அலி மட்டும் வேறு விதமாகப் படித்தார். அடிப்படை உரிமைகள் ஒன்றோடொன்று பின்னிக் கிடப்பவை, ஒவ்வொன்றையும் தனித்தனி அறைகளில் பூட்டிவைத்துப் படிக்கக் கூடாது என்ற கருத்து அவருடைய மாறுபட்ட தீர்ப்பில் விதையாக இருந்தது.

அந்த விதை முளைக்க இருபது ஆண்டுகள் ஆயின. 1970-இல் வங்கி தேசியமயமாக்கல் வழக்கில் பதினோரு நீதிபதிகள் அமர்ந்து, உரிமைகளைத் தனித்தனி அறைகளாகப் பார்க்கும் முறையைக் கைவிட்டனர். 1977-இல் மேனகா காந்தியின் கடவுச்சீட்டை மத்திய அரசு காரணம் சொல்லாமல் முடக்கியது. அதை எதிர்த்த வழக்கில், 1978 ஜனவரியில் ஏழு நீதிபதிகள் பிரிவு 21-ஐச் சமத்துவத்தைக் கூறும் பிரிவு 14-உடனும் சுதந்திரங்களைக் கூறும் பிரிவு 19-உடனும் சேர்த்துப் படித்தனர். நடைமுறை என்றால் அது நேர்மையானதாகவும் நியாயமானதாகவும் இருந்தாக வேண்டும், மனம்போன போக்கில் அமைந்தது நடைமுறையே ஆகாது என்பது அவர்களின் முடிவு. அதே தீர்ப்பில் மனுதாரருக்கு உடனடியாகக் கடவுச்சீட்டைத் திருப்பித் தர நீதிமன்றம் உத்தரவிடவில்லை. அவருடைய தரப்பைக் கேட்பதாக அரசு அளித்த உறுதியை ஏற்று வழக்கை முடித்துக்கொண்டது. மனுதாரருக்கு உடனே பெரிதாக எதுவும் கிடைக்காத ஒரு வழக்கில், நாட்டின் உரிமைச் சட்டம் முழுவதுமே திசைமாறியது. பின்னாளில் விரைவான விசாரணை, வாழ்வாதாரம், கல்வி, அந்தரங்கம் எனப் பிரிவு 21-இல் படிக்கப்பட்டவை அனைத்தும் இந்த ஊற்றிலிருந்து வந்தவை.

எனவே நீதிபதிகள் புதிய உரிமைகளை விருப்பம்போல் உருவாக்குகிறார்கள் என்ற குற்றச்சாட்டை நான் அப்படியே ஏற்பதில்லை. உயிர், சுதந்திரம், சமத்துவம், கண்ணியம் போன்ற சொற்களை அரசமைப்பு வரையறுக்காமல் விட்டிருக்கிறது. அவற்றுக்குப் பொருள் சொல்லாமல் எந்த வழக்கையும் முடிக்க முடியாது. கேட்க வேண்டியது, சொன்ன பொருளுக்கு வாசகத்திலும் முகவுரையிலும் பிற பிரிவுகளிலும் முன்தீர்ப்புகளிலும் பிடிமானம் இருக்கிறதா, சொன்ன காரணங்கள் எதிர்த்தரப்பு வாதத்துக்கு உண்மையாகவே விடையளிக்கின்றனவா என்பதைத்தான். இந்த அளவுகோலில் தேறாத தீர்ப்புகளும் இருக்கத்தான் செய்கின்றன.

சட்டங்களை ஆராயும்போது நீதிமன்றம் கையாளும் பிற கருவிகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். சட்டம் செல்லும் என்ற அனுமானத்துடன்தான் ஆய்வு தொடங்கும். எதிர்ப்பவரே அதைத் தகர்க்க வேண்டும். பழுதான பகுதியை வெட்டி எடுத்துவிட்டு மீதியைக் காப்பாற்ற முடியுமானால் முழுச் சட்டத்தையும் வீழ்த்துவதில்லை. இரண்டு பிரிவுகள் மோதுவதுபோல் தோன்றினால் இரண்டுக்கும் இடம் கிடைக்கும் வகையில் இணக்கமாகப் படிக்க முயல்வார்கள். ஒரு சட்டம் மத்தியப் பட்டியலில் அடங்குமா மாநிலப் பட்டியலில் அடங்குமா என்ற தகராறில், அதன் பெயரைவிட அதன் சாரம் எதைப் பற்றியது என்பதையே பார்ப்பார்கள். சட்டத்தின் வீச்சைக் குறுக்கிப் படித்துக் காப்பாற்றும் முறையும் உண்டு. தேசத்துரோகப் பிரிவை 1962-இல் கேதார் நாத் சிங் வழக்கில், வன்முறையைத் தூண்டும் அல்லது பொது அமைதியைக் குலைக்கும் பேச்சுக்கு மட்டும் என்று சுருக்கி நிலைநிறுத்தியது இதற்கு எடுத்துக்காட்டு.

சாதாரணச் சட்டத்தை ஆராய்வது ஒன்று. அரசமைப்பையே திருத்தும் சட்டத்தை அரசமைப்பின் பெயரால் ரத்து செய்ய முடியுமா என்பது அதைவிடக் கடினமான கேள்வி. 1951-இல் சங்கரி பிரசாத் வழக்கில் ஐந்து பேர், திருத்தும் அதிகாரத்துக்கு எல்லை இல்லை என்றனர். 1967-இல் கோலக்நாத் வழக்கில் பதினோரு பேர், ஆறுக்கு ஐந்து என்ற பெரும்பான்மையில் அடிப்படை உரிமைகளைத் திருத்தவே முடியாது என்றனர். 1973 ஏப்ரல் 24 அன்று கேசவானந்த பாரதி வழக்கில் பதின்மூன்று பேர், 68 நாள் வாதங்களுக்குப் பின், ஏழுக்கு ஆறு என்ற பெரும்பான்மையில் நடுவழி ஒன்றைக் கண்டனர். நாடாளுமன்றம் எந்தப் பிரிவையும் திருத்தலாம், ஆனால் அரசமைப்பின் அடிப்படைக் கட்டமைப்பைச் சிதைக்கக் கூடாது என்பது அது. ஐந்து, பதினொன்று, பதின்மூன்று என்று அமர்வு பெரிதாகிக்கொண்டே போனதற்குக் காரணம், முன்னே அமர்ந்தவர்களின் எண்ணிக்கையைத் தாண்ட வேண்டிய கட்டாயம்தான். அதைவிடப் பெரிய அமர்வு இதுவரை அமைந்ததில்லை.

ஒரே ஒரு நீதிபதியின் வித்தியாசத்தில், பதினொரு தனித்தனித் தீர்ப்புரைகளிலிருந்து திரட்டி எடுக்கப்பட்ட கோட்பாடு இது. அதன் பலவீனம் அப்போதே உணரப்பட்டது. 1975 நவம்பரில், நெருக்கடி நிலையின்போது, அதை மறுஆய்வு செய்யத் தலைமை நீதிபதி ஏ.என். ராய் மீண்டும் பதின்மூன்று பேரை அமர்த்தி, சில நாட்களிலேயே அந்த அமர்வைக் கலைத்துவிட்டார். 1976-இல் 42-ஆவது திருத்தம், மத்தியச் சட்டம் ஒன்றைச் செல்லாது என்று சொல்லக் குறைந்தது ஏழு நீதிபதிகள் அமர வேண்டும், அவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் ஒப்ப வேண்டும் என்று விதித்தது. அமர்வின் எண்ணிக்கையையே ஆயுதமாக்கும் முயற்சி என்று அதைச் சொல்லலாம். அடுத்த ஆட்சியில் வந்த 43-ஆவது திருத்தம் அதை நீக்கியது. திருத்தும் அதிகாரத்துக்கு வரம்பே இல்லை என்று 42-ஆவது திருத்தம் சேர்த்த வாசகத்தை 1980-இல் மினர்வா மில்ஸ் தீர்ப்பு ரத்து செய்தது. நீலகிரியின் கூடலூர் ஜன்மம் நிலங்கள் பற்றிய சட்டத்திலிருந்து கிளைத்த வழக்கில், 2007-இல் ஒன்பது பேர், 1973 ஏப்ரல் 24-க்குப் பின் ஒன்பதாவது அட்டவணையில் (அடிப்படை உரிமைகளை மீறுவதாகச் சொல்லி எதிர்க்க முடியாதபடி சட்டங்களுக்குப் பாதுகாப்புத் தரும் பட்டியல்) சேர்க்கப்பட்ட சட்டங்களும் இந்த ஆய்வுக்கு உட்பட்டவையே என்றனர். ஏழுக்கு ஆறு என்று பிறந்த கோட்பாடு இப்படித்தான் வேரூன்றியது.

தேர்ந்தெடுக்கப்படாத நீதிபதிகளுக்கு இவ்வளவு அதிகாரமா என்ற கேள்வி நியாயமானது. அதைத் தட்டிக்கழிக்க நான் விரும்பவில்லை. நீதிமன்றம் மிக மோசமாகத் தவறிய தருணம், அதிகாரத்தை மிகையாகப் பயன்படுத்தியபோது நேர்ந்ததன்று என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். 1976 ஏப்ரலில் ஜபல்பூர் ஆட்கொணர்வு வழக்கில், நெருக்கடி நிலையில் சட்டவிரோதமாக அடைக்கப்பட்டவர்கூட நீதிமன்றத்தை அணுக முடியாது என்று நால்வர் தீர்ப்பளித்தனர். எச்.ஆர். கன்னா ஒருவரே மாறுபட்டார். அடுத்த ஆண்டு, மூப்பின்படி தமக்குரிய தலைமை நீதிபதிப் பதவி வேறொருவருக்குப் போனதும் அவர் பதவி விலகினார். அந்தப் பெரும்பான்மைத் தீர்ப்பு முறைப்படி நீக்கப்பட்டது 2017-இல், மேலே சொன்ன அந்தரங்க உரிமை வழக்கில்தான். 1976-இல் பெரும்பான்மையில் இருந்தவர்களில் ஒருவரான ஒய்.வி. சந்திரசூட்டின் மகன் டி.ஒய். சந்திரசூட்டே தம் தீர்ப்புரையில் அது கடுமையான பிழை என்று எழுதினார்.

பிழையைத் திருத்த நாற்பது ஆண்டுகள் காத்திருக்கத்தான் வேண்டுமா? உடனடி வழிகள் இருக்கின்றன, ஆனால் அவை குறுகலானவை. பிரிவு 137-இன் கீழ், நீதிமன்ற விதிகளின்படி முப்பது நாட்களுக்குள் சீராய்வு மனு போடலாம். இயன்றவரை அதே நீதிபதிகள்தாம், பெரும்பாலும் வாய்மொழி வாதமின்றித் தங்கள் அறையிலேயே அதைப் பார்ப்பார்கள். மரண தண்டனை வழக்குகளில் மட்டும் திறந்த நீதிமன்றத்தில் வாதாட 2014 முதல் வாய்ப்பு உண்டு. அதுவும் தோற்றால், 2002-இல் ரூபா அசோக் ஹுர்ரா வழக்கில் நீதிமன்றமே வகுத்துக்கொண்ட மறுசீராய்வு மனு இருக்கிறது. க்யூரேட்டிவ் மனு என்று வழக்கறிஞர்கள் சொல்வது இதைத்தான். மூத்த நீதிபதிகள் மூவரும் முன்பு தீர்ப்பளித்தவர்களும் சேர்ந்து பார்க்கும் அந்த மனு ஏற்கப்படுவது மிக அரிது.

ஒருபால் உறவைக் குற்றமாக்கிய, இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 377-ஆவது பிரிவு பற்றிய வழக்கு இந்த எல்லா வழிகளையும் தொட்டது. தில்லி உயர் நீதிமன்றம் 2009-இல் அந்தப் பிரிவைக் குறுக்கிப் படித்தது. 2013 டிசம்பரில் உச்ச நீதிமன்றத்தின் இரண்டு நீதிபதிகள் அந்தத் தீர்ப்பைப் புரட்டிப்போட்டனர். இத்தனை பெரிய அரசமைப்புக் கேள்வியை இருவர் மட்டும் தீர்த்துவைத்தது பிரிவு 145(3)-இன் உணர்வுக்கு ஒத்ததா என்று அப்போதே கேட்டிருக்க வேண்டும். 2014 ஜனவரியில் சீராய்வு மனுக்கள் தள்ளுபடியாயின. மறுசீராய்வு மனுக்கள் 2016-இல் ஐந்து பேர் அமர்வுக்கு அனுப்பப்பட்டு அப்படியே நின்றன. அந்த வழி அடைபட்டுக் கிடந்தபோது, நேரடியாகப் பாதிக்கப்பட்ட வேறு சிலர் பிரிவு 32-இன் கீழ் புதிய ரிட் மனுக்களுடன் வந்தார்கள். அவர்கள் பழைய வழக்கின் தரப்பினர் இல்லை என்பதால் சீராய்வின் குறுகிய வரம்புகள் அவர்களைக் கட்டுப்படுத்தவில்லை. 2018 செப்டம்பர் 6 அன்று, ஐந்து நீதிபதிகள் ஒருமனதாக 2013-ஆம் ஆண்டுத் தீர்ப்பை நீக்கினர். இருவரின் தீர்ப்பை ஐவர் மாற்ற, அவர்கள் ஐவராக அமர்ந்ததே போதுமானதாக இருந்தது.